கல்வராயன் மலைக்கு இயற்பியல் எதற்கு என்று கேட்பவருக்கு

மாநிலப் பல்கலைக்கழகங்களின் இயற்பியல் துறைகளில் நடக்கும் ஆய்வை நிறுத்திவிட வேண்டும் என்று ஒரு வாதம் கொஞ்ச காலமாகவே பேசப்படுகிறது. பாடம் நடத்தி, தேர்வு வைத்து, பட்டம் கொடுக்கும் வேலையை மட்டும் அந்தத் துறைகள் பார்க்கட்டும், ஆய்வை ஐ.ஐ.டி.க்களும் மத்திய அரசின் பெரிய நிறுவனங்களும் பார்த்துக்கொள்ளட்டும் என்கிறார்கள். இந்த வாதத்தின் அண்மை வடிவம் கள்ளக்குறிச்சியைச் சாட்சிக்கு இழுக்கிறது. விஷச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்த ஊர் அது. அந்த மாவட்டத்துக் கல்வராயன் மலையில் நல்ல சாலைக்காக இன்னும் காத்திருக்கும் குக்கிராமங்கள் உண்டு. இப்படிப்பட்ட மாவட்டத்துப் பிள்ளைக்கு அணுவையும் ஒளியையும் ஆராயும் படிப்பு எதற்கு, கையில் ஒரு தொழிலைக் கொடுங்கள், வரிப்பணத்தை மிச்சம் பிடியுங்கள் என்று அந்த வாதம் முடிகிறது.

ஏழையின் பக்கம் நிற்பதுபோல் தொனிக்கும் இந்த வாதம் ஏழைக்கு எதிரானது. கள்ளக்குறிச்சியின் பெயரைச் சொல்லிக் கள்ளக்குறிச்சியின் கையில் இருப்பதையே பிடுங்கப் பார்க்கிறது. அதைச் சொல்பவர் தான் பேசும் துறையின் வரலாற்றைக்கூடப் புரட்டிப் பார்க்கவில்லை என்பது அடுத்த குற்றம்.

அவர் இழுத்த சாட்சியையே முதலில் விசாரிப்போம். 2024 ஜூன் 18, 19 தேதிகளில் கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் ஆட்கள் வயிற்று வலியோடும் வாந்தியோடும் பார்வை மங்கியும் விழத் தொடங்கினார்கள். கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம் மருத்துவமனைகளிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் கூட்டம் கூட்டமாகச் சேர்க்கப்பட்டார்கள். காரணம் மெத்தனால். குடிக்கும் சாராயத்தில் இருக்கும் எத்தனாலுக்கும் இதற்கும் நிறத்தில் வேறுபாடு கிடையாது; வாசனையிலும் நாவிலும் சாதாரண மனிதர் பிரித்தறியும் அளவுக்கு வேறுபாடு தெரியாது. உடலுக்குள் போன மெத்தனால் ஃபார்மால்டிஹைடாகி, பிறகு ஃபார்மிக் அமிலமாகி, பார்வை நரம்பைத் தாக்குகிறது. தாமதமானால் உயிரை எடுக்கிறது.

கண்ணும் மூக்கும் நாக்கும் தோற்கிற இந்த இடத்தில் ஒளி தோற்பதில்லை. ஒரே நிற ஒளியை ஒரு திரவத்தில் பாய்ச்சினால், சிதறி வரும் ஒளியின் மிகச் சிறு பகுதி நிறம் மாறி வரும். எவ்வளவு மாறுகிறது என்பது அந்தத் திரவத்தின் மூலக்கூறுகள் எப்படி அதிர்கின்றன என்பதைப் பொறுத்தது. அந்த மாற்றத்தை அளந்து பதித்தால், எத்தனாலுக்கு அலைஎண் 880 அருகே ஒரு வலுவான கோடு. மெத்தனாலுக்கு 1,030-ஐ ஒட்டி ஒரு கோடு. ஒன்றை இன்னொன்று என்று எந்தச் சாராய வியாபாரியும் ஏமாற்ற முடியாது. 2017-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கையில் பிடிக்கும் கருவி ஒன்றைக் கொண்டு, பாட்டிலைத் திறக்காமலே உள்ளிருக்கும் மதுவில் மெத்தனால் கலந்திருப்பதைக் கண்டுபிடித்துக் காட்டினார்கள். அந்தக் கருவியின் ஆதாரமாக இருக்கும் விளைவுக்கு ராமன் விளைவு என்று பெயர்.

ராமன் அதை எங்கிருந்து கண்டுபிடித்தார்? 1917 முதல் அவர் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர். பௌபஜார் தெருவில் இருந்த அறிவியல் சங்கம் ஒன்றின் ஆய்வுக்கூடத்தில், வத்திராயிருப்பிலிருந்து போன கே. எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து, ஏறத்தாழ அறுபது சாதாரணத் திரவங்களில் ஒளி எப்படிச் சிதறுகிறது என்று பார்த்தார். முதலில் சூரிய ஒளியைத்தான் பயன்படுத்தினார்கள். 1921-ல் கப்பலில் வரும்போது கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்று எழுந்த கேள்வியிலிருந்து தொடர்ந்த வேலை அது. 1928 பிப்ரவரி 28 அன்று அது முடிவுக்கு வந்தது. கடலின் நிறத்தை ஆராய்வதால் கள்ளச்சாராயம் குடிப்பவனுக்கு என்ன பயன் என்று அன்றைக்கு ஒருவர் கேட்டிருந்தால் ராமனாலேயே பதில் சொல்லியிருக்க முடியாது. பதில் வர ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் ஆயின.

கருவி இருந்திருந்தால் கருணாபுரத்தில் யாரும் இறந்திருக்க மாட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தச் சாவுகளுக்குக் காரணம் மெத்தனாலைக் கொண்டுவந்து விற்ற கும்பலும் அதைத் தடுக்கத் தவறிய நிர்வாகமும். மாவட்ட ஆட்சியர் மாற்றப்பட்டார், காவல் கண்காணிப்பாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார், வழக்கு உயர் நீதிமன்ற உத்தரவால் சி.பி.ஐ.க்குப் போனது. இவை எல்லாம் ஊரறிந்த செய்திகள். நான் கேட்பது வேறு. அந்த விஷத்தை எட்ட நின்று அடையாளம் காட்டத் தெரிந்த ஒரு துறையை, அந்தச் சாவுகளின் பெயராலேயே மூடச் சொல்ல ஒருவருக்கு எப்படி மனம் வருகிறது? அந்தக் கருவி விலையுயர்ந்தது. அதை ஒரு வட்டார மருத்துவமனையோ மதுவிலக்குப் பிரிவோ வாங்கும் விலைக்குக் கொண்டுவருவதும், நம் ஊர்ச் சரக்கின் கலப்படங்களுக்கு ஏற்றபடி அதைத் தரப்படுத்துவதும் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறை எடுத்துச் செய்யத் தக்க வேலை. பிணங்களை எண்ணிக் காட்டுகிறவர் அந்த வேலையைக் கேட்டிருக்க வேண்டும். துறையையே இழுத்து மூடச் சொல்கிறார்.

அடுத்து, இயற்பியல் துறை மலைக்காரர்களுக்கு என்ன செய்தது என்ற கேள்வி. கல்வராயன் மலை மக்கள் காலங்காலமாகக் காட்டில் பொறுக்கிக் கொண்டுவந்து கீழே விற்கும் பொருள் கடுக்காய். அது நாட்டு மருந்துக் கடைக்கு மட்டும் போவதல்ல. தோல் பதனிடும் தொழிலுக்குப் போவது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட தென்னாட்டுத் தோல் ஒரு காலத்தில் உலகச் சந்தையில் தனிப் பெயர் பெற்றிருந்தது. குரோமியம் வந்த பிறகு அதன் இடம் குறைந்தாலும் இன்னும் அழிந்துவிடவில்லை. கடுக்காயின் துவர்ப்புப் பொருள் தோலுக்குள் புகுந்து, அதிலுள்ள கொலாஜன் என்ற புரத இழைகளோடு பிணைந்துகொள்கிறது. அந்தப் பிணைப்பால் தோல் அழுகாமல் தோல் பொருளாக நிலைக்கிறது. கொலாஜன் தோலில் மட்டும் இல்லை. எலும்பில், குருத்தெலும்பில், தசைநாணில், நம் உடலின் புரதத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வரை அதுவே.

அந்தக் கொலாஜன் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதை உலகுக்குச் சொன்னது சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறை.

இந்த வரலாறு பள்ளிப் பாடத்தில் இடம்பெற வேண்டியது என்பதால் சற்று விரித்தே சொல்கிறேன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக 27 ஆண்டுகள் இருந்தவர் டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார். மகப்பேறு மருத்துவத்தில் பெயர் பெற்றவர்; இயற்பியலாளர் அல்ல. ஆனால் புதிதாகத் தொடங்கும் இயற்பியல் துறைக்கு நாட்டிலேயே சிறந்தவர் வேண்டும் என்று ராமனைக் கேட்டார். ராமன் தன் மாணவர் ஜி. என். ராமச்சந்திரனின் பெயரைச் சொன்னார். 1952-ல் முப்பது வயதுகூட நிறையாத அவரைத் துறைத் தலைவராக நியமித்தார் முதலியார். அதே ஆண்டு சென்னை வந்த பிரிட்டிஷ் அறிவியலாளர் ஜே. டி. பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். அமெரிக்காவின் லைனஸ் பாலிங் அதற்கு ஓர் அமைப்பை முன்வைத்திருந்தார், அது பொருந்தவில்லை.

ராமச்சந்திரனும் அவருடைய சக ஆய்வாளர் கோபிநாத் கர்த்தாவும் வேலையில் இறங்கினார்கள். எக்ஸ் கதிர்ப் படம் எடுக்க நல்ல கொலாஜன் மாதிரி வேண்டும். அது கிடைத்த இடம் பக்கத்திலேயே இருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம். கங்காருவின் வால் தசைநாணிலிருந்து எடுத்த மாதிரி அது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் தொழிலுக்குத் துணையாக அமைந்த ஒரு நிறுவனமும், எதற்குப் பயன் என்று யாரும் நிச்சயமாகச் சொல்ல முடியாத கேள்வியைத் துரத்திய ஒரு துறையும் கைகோத்தன. 1954 ஆகஸ்டில் நேச்சர் இதழில் கொலாஜன் மூன்று சரடுகள் முறுக்கிய அமைப்பு என்று அவர்களின் கட்டுரை வந்தது. மறு ஆண்டே அதைத் திருத்திச் செம்மைப்படுத்தினார்கள்.

எதிர்ப்பு உடனே வந்தது. டி.என்.ஏ. அமைப்பைக் கண்ட பிரான்சிஸ் க்ரிக், அலெக்சாண்டர் ரிச்சோடு சேர்ந்து, சென்னைக்காரர்களின் மாதிரியில் சில அணுக்கள் இருக்க முடியாத அளவுக்கு நெருங்கி நிற்கின்றன என்றார். ஹைட்ரஜன் பிணைப்புகளின் எண்ணிக்கையிலும் அவர் வேறுபட்டார். அந்த விவரத்தில் அவர் பக்கம் நியாயம் இருந்தது. ராமச்சந்திரன் இதற்குப் பதிலாக வசை பாடவில்லை. அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம் என்று, அதுவரை வெளிவந்த படிக அமைப்புகளையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு அளக்கத் தொடங்கினார். சி. ராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும் உடன் இருந்தார்கள். அதிலிருந்து 1963-ல் பிறந்தது ராமச்சந்திரன் வரைபடம். ஒரு புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடங்கலாம், எந்தக் கோணங்களில் மடங்கவே முடியாது என்று சொல்லும் வரைபடம். இன்றைக்கு உலகில் எந்த ஆய்வுக்கூடத்தில் ஒரு புரதத்தின் அமைப்பைத் தீர்மானித்தாலும், அது சரிதானா என்று சோதிக்க அந்தச் சென்னை வரைபடத்தில்தான் பொருத்திப் பார்க்கிறார்கள். மருந்து செய்பவர்களும் அதைத்தான் பார்க்கிறார்கள்.

மாநிலப் பல்கலைக்கழகத்தில் உலகத் தர ஆய்வு சாத்தியமில்லை என்று எழுதுகிறவர் கிண்டி வளாகத்தின் இந்தப் பதினெட்டு ஆண்டுகளை எங்கே வைத்துவிட்டு எழுதுகிறார்? ஐ.ஐ.டி. சென்னை 1959-ல்தான் தொடங்கியது. கொலாஜனின் முறுக்கு அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவிழ்ந்துவிட்டது.

இன்னொன்றையும் அவர் தெரிந்துகொள்ள வேண்டும். ராமச்சந்திரன் 1970-ல் சென்னையை விட்டு விலகினார். முதலியார் பதவியை விட்டுப் போன பிறகு அவருக்கு இங்கே துணை இல்லை. மறு ஆண்டில் ஏ. வி. லட்சுமிநாராயணனோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார். ஒரு பொருளைப் பல கோணங்களில் எக்ஸ் கதிரால் எடுத்த நிழல்களிலிருந்து அதன் உட்புறத்தைக் குறைந்த கணக்கில் மீட்டெடுப்பது எப்படி என்பது அதன் பொருள். அந்தக் கணக்கில் வரும் வடிகட்டிக்கு அவர்கள் இருவர் பெயரையும் சேர்த்து ராம்-லக் என்று பெயர். சி.டி. ஸ்கேன் கருவிகள் பல பத்தாண்டுகள் படம் உருவாக்கிய வழி இதைச் சார்ந்தது. ஆஸ்திரேலியாவில் பிறந்த ரொனால்ட் பிரேஸ்வெல் இதே போன்ற வழியை முன்னமே கண்டிருந்தார். அவர் தேடியது வானத்திலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் படமாக்கும் முறை. சி.டி. ஸ்கேனுக்காக 1979-ல் நோபல் பரிசு பெற்ற இருவரில் ஆலன் கார்மேக் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் விரிவுரையாளராக இருந்தபோது இந்தச் சிக்கலைத் தொட்டார். 1956-ல் அங்குள்ள மருத்துவமனைக்குக் கதிரியக்கப் பணியை மேற்பார்க்கப் பகுதி நேரமாக அனுப்பப்பட்டவர் அவர். 1963, 1964-ல் அவர் எழுதிய கட்டுரைகளை உலகம் ஏறத்தாழக் கண்டுகொள்ளவே இல்லை. பிரதி கேட்டு வந்த சில கடிதங்களில் ஒன்று, மலையில் பனிச்சரிவை ஆராயும் சுவிட்சர்லாந்து நிறுவனத்திலிருந்து வந்தது.

இந்த மனிதர்களில் ஒருவரைக்கூட நம் வாதக்காரரின் அளவுகோல் தேறவிடாது. எங்கோ ஒரு பல்கலைக்கழகத்தில் எதற்கு என்று தெரியாத கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தவர்கள் இவர்கள். 2022 ஜனவரியில் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி சிறுவங்கூரில் திறக்கப்பட்டது. பைக்கில் விழுந்து தலையில் அடிபட்ட ஒருவர் அதுபோன்ற ஒரு மருத்துவமனையின் ஸ்கேன் கருவிக்குள் படுத்திருக்கும்போது, அவர் மண்டைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறதா என்று பார்க்கப் பயன்படுவது அந்தக் கணக்கு. பயன் வேண்டும் என்பவர் பயனின் முகவரி தெரியாமல் கதவைச் சாத்துகிறார்.

ஐ.ஐ.டி. இருக்கிறதே என்ற பேச்சுக்கு வருவோம். கல்வராயன் மலையைச் சேர்ந்த ஒரு பழங்குடி மாணவி 2025-ல் ஐ.ஐ.டி.க்குத் தேர்வானபோது மாநிலமே கொண்டாடியது. கொண்டாடியது சரிதான். அவ்வளவு பெரிய செய்தியாக அது ஆனதே நிலைமை என்ன என்று சொல்லிவிடுகிறது. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அறிவியல் படிக்க விரும்பும் மற்ற பிள்ளைகள் போவது அரசுக் கலை அறிவியல் கல்லூரிக்கு. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் மாவட்டக் கல்லூரிகள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டிருக்கின்றன. அவர்களுக்கு இயற்பியலில் என்ன பாடம் என்பதை அந்தப் பல்கலைக்கழகம் தீர்மானிக்கிறது. அவர்களுக்குப் பாடம் நடத்தும் ஆசிரியர்களில் பெரும்பாலோர் இப்படிப்பட்ட ஒரு மாநிலப் பல்கலைக்கழகத் துறையில் முனைவர் பட்டம் பெற்றவர்கள். அங்கே ஆய்வை நிறுத்தினால் பத்து ஆண்டுகளில் என்ன ஆகும்? பாடத்திட்டம் எழுதுபவர்கள் தாங்கள் படித்ததையே திருப்பி எழுதுவார்கள். ஆசிரியர்கள் கைடு புத்தகத்தை ஒப்பிப்பார்கள். கல்லூரியின் பொது ஆய்வகத்தில் ஸ்பெக்ட்ரோமீட்டர் மேல் தூசி படியும். ஊர்க் கிணற்றின் ஊற்றை அடைத்துவிட்டு, தொட்டியில் தண்ணீர் நிற்கிறதே என்று காட்டுவதற்கு இது சமம்.

1928-ல் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பதினெட்டு வயது மாணவன் ஒருவன், ஊருக்கு வந்திருந்த ஜெர்மானியப் பேராசிரியர் ஆர்னால்ட் சோமர்ஃபெல்டை நேரில் போய்ப் பார்த்தான். அவருடைய அணு அமைப்புப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்திருந்தவன் அவன். அந்தப் புத்தகத்தில் உள்ளவை பழசாகிவிட்டன, ஐரோப்பாவில் புதிய இயக்கவியல் வந்துவிட்டது என்று அவர் சொன்னார். உலோகங்களில் எலக்ட்ரான்கள் பற்றித் தான் எழுதி இன்னும் அச்சேறாத கட்டுரையின் மெய்ப்பை அவனிடம் கொடுத்தார். மறு ஆண்டே அந்த மாணவனின் கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. அவன் பெயர் சந்திரசேகர். 1983-ல் நோபல் பரிசு பெற்றவர். நடக்கிற ஆய்வைத் தொட்டுப் பார்க்கும் ஒரு வாய்ப்பு ஒரு மாணவனை எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்? அன்று அந்த வாய்ப்பு தற்செயலாக வந்தது. வசதியான, படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு வந்தது. கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலிருந்து பேருந்தில் இறங்கிவரும் பிள்ளைக்கு அது தற்செயலாக வராது. தன் ஆசிரியரே ஆய்வு செய்பவராக இருந்தால்தான் வரும்.

எதிர்த்தரப்பு சொல்வதில் ஓர் உண்மை இருக்கிறது. நம் பல்கலைக்கழகங்களிலிருந்து வெளிவரும் இயற்பியல் கட்டுரைகளில் பல எதற்கும் உதவாதவை. ஒரு படிகத்தில் சிறிது வேற்றுப் பொருளைச் சேர்த்து வளர்த்து, நாலு அளவீடு எடுத்து, நாலு வரைபடம் போட்டு ஒரு கட்டுரை. அடுத்த மாதம் வேற்றுப் பொருளை மட்டும் மாற்றி இன்னொன்று. நானோத் துகள்களிலும் இதே கதை. பணம் வாங்கிக்கொண்டு அச்சிடும் இதழ்களில் இவை நிறைகின்றன. இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை; இந்தத் துறையை நேசிக்கும் யாருக்கும் இது வெட்கம் தரும் விஷயம்.

ஆனால் இந்தக் குப்பையைக் கொட்டச் சொன்னது யார்? 2010-ல் பல்கலைக்கழக மானியக் குழு, ஆசிரியர்களின் நியமனத்தையும் பதவி உயர்வையும் புள்ளிக் கணக்கோடு கட்டியது. கட்டுரைக்கு இவ்வளவு புள்ளி, புத்தகத்துக்கு இவ்வளவு புள்ளி. முனைவர் பட்ட மாணவர் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற விதி 2022 வரை இருந்தது. எண்ணிக் கூலி கொடுத்தார்கள், எண்ணிக்கை வந்தது. ராமச்சந்திரன் கொலாஜனுக்கும் வரைபடத்துக்கும் இடையில் எடுத்துக்கொண்ட ஒன்பது ஆண்டுகளை இந்தப் புள்ளிக் கணக்கில் வைத்துப் பாருங்கள். நல்ல ஆய்வுக்கு வேண்டிய பொறுமையை விதியே தண்டித்தது. விதியின் விளைவைக் காட்டித் துறையைத் தூக்கிலிடச் சொல்வது அநியாயம்.

பணத்தின் கதையையும் சொல்லியாக வேண்டும். வரிப்பணம் வீணாகிறது என்கிறவர் எவ்வளவு வரிப்பணம் என்று சொல்லவே இல்லை. இந்தியா முழுவதுமாக ஆராய்ச்சிக்கும் மேம்பாட்டுக்கும் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம், 2020–21 கணக்கு இது. தென்கொரியா ஏறத்தாழ 5 சதவீதம் செலவிடுகிறது. அந்த 0.64-லும் பெரும்பகுதி அணுசக்தி, விண்வெளி, பாதுகாப்பு போன்ற மத்திய அமைப்புகளுக்கும் தொழில் நிறுவனங்களுக்கும் போகிறது. மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு வருவது மிச்சம் மீதி. மாநிலப் பல்கலைக்கழகங்களையும் கைதூக்கிவிடுவோம் என்று 2023-ல் சட்டம் இயற்றி அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனத்தை அமைத்தார்கள். ஐந்து ஆண்டுகளுக்கு 50,000 கோடி என்று அறிவித்தார்கள். அதில் 36,000 கோடி அரசுப் பணம் அல்ல, தொழில் நிறுவனங்களிடமிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் வரும் என்று எதிர்பார்க்கப்பட்ட பணம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை 2024-ல் வருமான வரித் துறை முடக்கியது. அங்கே 2023 ஆகஸ்டில் காலியான துணைவேந்தர் பதவி, ஆளுநருக்கும் அரசுக்கும் நடந்த இழுபறியில் நெடுநாள் நிரப்பப்படாமலே கிடந்தது. லட்சுமணசாமி முதலியார் அமர்ந்திருந்த அதே பதவி அது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நிதி நெருக்கடியில் வீழ்ந்து 2013-ல் அரசின் கைக்குப் போனது. ஒரு துறையைப் பட்டினி போட்டுவிட்டு, அது ஓடவில்லை என்று குறை சொல்வது எந்த ஊர் நியாயம்?

தொழிற்பயிற்சி பற்றி ஒரு வார்த்தை. ஐ.டி.ஐ. படிப்பை நான் ஒருபோதும் குறைத்துப் பேச மாட்டேன். கல்வராயன் மலைக்கு வடக்கே ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது. அந்த மலையிலும் மலையாளிப் பழங்குடியினர்தான் வாழ்கிறார்கள். இரவு வானம் இருண்டிருக்கும் இடம் தேடிய வானியலாளர் வைணு பாப்பு அங்கே வான்நோக்குக் கூடம் அமைத்தார். 1977 மார்ச்சில் யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதை உலகம் அறிந்த அந்த இரவில், காவலூரிலிருந்தும் அதைப் பார்த்துப் பதிவு செய்தார்கள். 1986-ல் அங்கே இயங்கத் தொடங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி இந்தியாவிலேயே செய்யப்பட்டது. கண்ணாடி தேய்த்தவர்களும் இரும்பைக் கடைந்தவர்களும் மின்சுற்று அமைத்தவர்களும் இல்லாமல் அது எழுந்திருக்காது. ஆய்வும் கைத்தொழிலும் ஒன்றையொன்று தாங்குபவை. ஆய்வு வேறொருவர் பிள்ளைக்கு, கைத்தொழில் மலைப்பிள்ளைக்கு என்று பங்கு பிரிப்பதை மட்டும்தான் நான் எதிர்க்கிறேன்.

அந்தப் பங்கு பிரிப்பு இந்த மலைக்குப் புதிதல்ல. நாடு 1947-ல் விடுதலை பெற்றது. கல்வராயன் மலை ஜாகிர்தார்களின் பிடியிலிருந்து விடுபட 1976 வரை காத்திருந்தது. சாலையும் பள்ளியும் மருத்துவமும் அங்கே தாமதமாகத்தான் ஏறின. 2024-ல் சாராயச் சாவுகளுக்குப் பிறகு உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து அந்த மக்களின் நிலையை விசாரிக்க வேண்டியிருந்தது. கடுக்காய் பொறுக்கவும் புளி உலுக்கவும் கூலிக்கு மரம் வெட்டவும் போதும் என்று தலைமுறை தலைமுறையாக முடிவெடுத்து வைத்திருந்தார்கள். இப்போது அதே முடிவை அக்கறை என்ற பெயரில் மறுபடி கொண்டுவருகிறார்கள். தன் பிள்ளையை ஐ.ஐ.டி.க்கும் அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கும் அனுப்புகிற வர்க்கம், அடுத்தவர் பிள்ளைக்கு இயற்பியல் ஆடம்பரம் என்று தீர்ப்பு எழுதுகிறது. அந்தத் தீர்ப்பை எழுத இவர்களுக்கு யாரும் உரிமை கொடுக்கவில்லை.

இந்த வாதத்தை முன்வைப்பவருக்கு உண்மையிலேயே கள்ளக்குறிச்சிமேல் அக்கறை இருந்தால் கேட்க வேண்டியவை வேறு. அண்ணாமலைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையில் காலியிடங்களை நிரப்பு என்று கேட்க வேண்டும். ஆய்வு மாணவரின் உதவித்தொகை மாதா மாதம் கைக்கு வர வேண்டும் என்று கேட்க வேண்டும். மாவட்டத்து அரசுக் கல்லூரி ஆசிரியர் கோடை விடுமுறையில் ஒரு நல்ல ஆய்வுக்கூடத்தில் போய் வேலை செய்யப் பயணப்படியும் அனுமதியும் கொடு என்று கேட்க வேண்டும். கள்ளச்சாராயத்தில் மெத்தனாலைக் காட்டும் மலிவான கருவிக்கு இந்த மாநிலத்தின் துறைகளிடமே திட்டம் கேட்டு, அதற்குப் பணம் ஒதுக்கு என்று அரசிடம் கேட்க வேண்டும். இதில் ஒன்றைக்கூட அவர் கேட்கவில்லை. அவர் கேட்டதெல்லாம் பூட்டு.

கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம், கல்வராயன் மலைப் பெற்றோருக்கு: உங்கள் பிள்ளை பி.எஸ்சி. இயற்பியல் எடுக்கிறேன் என்றால் தடுக்காதீர்கள். முதுகலைக்குப் பிறகு ஆய்வுக்குப் போகிறேன் என்றாலும் தடுக்காதீர்கள். அடுத்த முறை உங்கள் சட்டமன்ற உறுப்பினர் ஊருக்கு வரும்போது, சாலையையும் குடிநீரையும் கேட்ட கையோடு, கல்லூரியின் இயற்பியல் துறையில் எத்தனை ஆசிரியர் இடம் காலியாக இருக்கிறது, எப்போது நிரப்புவீர்கள் என்றும் கேளுங்கள்.